ஐம்பது ரூபாய்தானா, டீச்சர்?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணைச் சொருகும் நேரம் என்று எனக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் கதையும் கொஞ்சம் சட்டமுமாகப் பேசிவிடுகிறேன். விலங்குகளைத் துன்புறுத்துவோருக்கான தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற பேச்சு நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கும் நம் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எனக்கும் 2019 வரை தெரியாது.

அந்த ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். எங்கள் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கி வைக்கும் இடத்தில் ஒரு நாய் நான்கு குட்டிகள் போட்டிருந்தது. சமையல் செய்யும் அம்மா மிச்சச் சோற்றை அதற்கு வைப்பார். முற்பகல் இடைவேளையில் படபடவென்று வெடிச்சத்தம். கூடவே ஓர் ஓலம். ஓடிப்போய்ப் பார்த்தால், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் மீந்துபோன சரவெடித் துண்டைக் கொண்டுவந்து ஒரு குட்டியின் வாலில் கட்டிப் பற்ற வைத்திருக்கிறான். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பிள்ளைகளில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டும் பாதிப் பேர் அழுதுகொண்டும் இருந்தார்கள். அந்தப் பையனை இங்கே ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன். இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறான். பெயர் வேண்டாம்.

அலுவலக உதவியாளர் அண்ணன் குட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டியில் கால்நடை மருந்தகத்துக்குப் போனார். பாதி வாலை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னங்கால் ஒன்றில் தோல் வெந்திருந்தது. மற்றபடி பிழைத்துக்கொண்டது.

அடுத்த பாடவேளை எனக்கு அதே எட்டாம் வகுப்பு. கோபத்தோடு உள்ளே போனேன். அடிப்படைக் கடமைகள் நடத்தியிருக்கிறேன் அல்லவா? உயிரினங்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்வதை எழுதிப் போட்டு, தேர்விலும் கேட்டிருக்கிறேன். தம்பி அந்தக் கேள்விக்குச் சரியாகவே எழுதியிருந்தான். சரி, கடமையைச் சொல்லிப் பயனில்லை, தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்துவோம் என்று நினைத்தேன். கைப்பேசியை எடுத்து 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத் தேடி, 11ஆவது பிரிவை வகுப்பின் முன்னால் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அடித்தல், உதைத்தல், சித்திரவதை செய்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடுக்காமல் விடுதல் என்று நீளமான பட்டியல். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு தண்டனைக்கு வந்தேன். முதல் முறை குற்றம் செய்தால் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஐம்பது ரூபாய்தானா, டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. இன்னொருவன், “நான் நூறு தர்றேன், ரெண்டு நாய்” என்றான். தம்பியும் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தான். தயாரிப்பில்லாமல் வகுப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அந்தச் சிரிப்பைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பிள்ளைகள் தவறாக எதுவும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு செயல் எவ்வளவு பெரிய தவறு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் தண்டனையின் அளவிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு ஒரு கணக்கு, சன்னல் கண்ணாடியை உடைத்ததற்கு ஒரு கணக்கு. நாங்கள் கண்ணாடிக்கு வாங்கும் தொகையே ஐம்பதைவிட அதிகம். குட்டியின் வாலில் வெடி கட்டுவது கண்ணாடியை உடைப்பதைவிடச் சின்னத் தவறு என்று அன்று அவர்களுக்குச் சொன்னது நாட்டின் சட்டம். சொல்லிக்கொடுத்தது நான்.

இந்தச் சட்டத்தைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. இது பிறந்ததில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1950களில் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. அந்தக் காலத்தில் ஐம்பது ரூபாய் சின்னத் தொகையல்ல. என் மாமனார் 1962இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர். மாதச் சம்பளம் நூறு ரூபாயைத் தொடவில்லை என்பார். அரை மாதச் சம்பளத்தை அபராதமாகக் கட்ட வேண்டும் என்றால் யாருக்கும் கை நடுங்கும். சம்பளம் ஏறியது, அரிசி விலை ஏறியது, அபராதம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறை செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை என்ற பேச்சே வருகிறது. அப்போதும் நூறு ரூபாய் அபராதத்தோடு முடித்துக்கொள்ள வழி இருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. கறவை மாட்டுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று கேடு தரும் ஊசி போட்டால், 12ஆவது பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. 1960இலேயே கடுமையாகத் தண்டிக்கத் தெரிந்திருக்கிறது. பால் நாம் குடிப்பது என்பதால் இருக்கலாம்.

தொகை மட்டும் சிக்கல் இல்லை. அடித்தல், உதைத்தல் போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை விசாரிக்க முடியாது. குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் பிறகு தொடுக்கவே முடியாது. நம் பள்ளிகளில் ஒரு கோப்பு நகரும் வேகம் உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் எந்த மூலைக்கு?

விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ வேறு சட்டம் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு 428, 429 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்கு என்றால் ஒரு தண்டனை, மாடு, குதிரை போன்றவையோ ஐம்பது ரூபாய் மதிப்புள்ள பிற விலங்கோ என்றால் கூடுதல் தண்டனை. பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்தல் என்ற தலைப்பின் கீழ்தான் அவை வரும். வலி யாருக்கு என்று அந்தப் பிரிவுகள் கேட்கவில்லை, நட்டம் யாருக்கு என்றுதான் கேட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் இந்த விலைக் கணக்கு இல்லை. எந்த விலங்கைக் கொன்றாலும், நஞ்சு வைத்தாலும், ஊனப்படுத்தினாலும் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது நல்ல முன்னேற்றம். ஆனால் உடைமைச் சேதம் என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. ஊனம் வராத அளவுக்கு ஒரு விலங்கை நாள் முழுக்கச் சித்திரவதை செய்தால் மறுபடியும் ஐம்பது ரூபாய்க்கே வந்து நிற்கிறோம்.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. நம் சல்லிக்கட்டு வழக்கில் 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், போதிய தண்டனை இருக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்தை எதிர்பார்த்தது. சல்லிக்கட்டைப் பற்றிய முடிவு பின்னர் மாறியது, அது தனிக் கதை. அதில் உங்களில் பலருக்கு என்னோடு சண்டை இருக்கும், அதை இன்று தொட வேண்டாம். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கொடூர வதை என்று தனிப் பிரிவு. அதற்குக் குறைந்தது ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது.

தண்டனை கூடினால் குற்றம் நின்றுவிடுமா என்று எங்கள் கணித ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 2016இல் சென்னையில் ஒரு நாயை மாடியிலிருந்து வீசியதையும், அதைப் படமெடுத்துப் பரப்பியதையும் நினைவிருக்கும். செய்தவர்கள் மருத்துவ மாணவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, நம்மைப் போன்ற யாரோ ஆசிரியர்களின் பெருமையாக இருந்திருப்பார்கள். எலும்பு முறிவுகளோடு அந்த நாய் பிழைத்தது. அவர்கள் இருவருக்கும் பல்கலைக்கழகம் விதித்த அபராதம் தலா இரண்டு இலட்சம் ரூபாய். நாட்டின் சட்டம் ஐம்பது என்கிறது, ஒரு பல்கலைக்கழகம் இரண்டு இலட்சம் என்கிறது. இரண்டுக்கும் நடுவே எங்கோ நியாயமான தொகை இருக்க வேண்டும் அல்லவா, சார் என்றேன். அவர் கணித ஆசிரியர் என்பதால் சராசரி எடுக்கப் பார்த்தார்.

இப்போது தம்பியிடம் திரும்புகிறேன். இந்தப் பகுதியைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம்.

அன்று மாலையே பெற்றோரை அழைத்து வரச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை அப்பா வந்தார். கட்டட வேலைக்குக் கிளம்பியவர், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றபடி நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார். நாங்கள் தடுப்பதற்குள் நான்கைந்து அடி விழுந்துவிட்டது. தம்பி ஓடவில்லை, அழவில்லை. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரமாகக் குந்தினான். அடி எங்கே விழும், எப்படிக் குந்தினால் குறைவாக வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்த உடம்பு அது. அடித்து முடித்த அப்பா என்னைப் பார்த்து, “இனி செய்ய மாட்டான், டீச்சர்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

விலங்கைத் துன்புறுத்துவதை, பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுக்கான அறிகுறிகளில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1987இல் தன் கையேட்டில் சேர்த்தது. இதை அன்று நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் பெற்றோரை வரச்சொல்லும் முன் தம்பியிடம் தனியாகப் பேசியிருப்பேன். ஓணானை அடிக்கிற ஒவ்வொரு பையனுக்கும் வீட்டில் பிரச்சினை என்று சொல்லவரவில்லை. நம்மில் எத்தனை பேர் தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்க விட்டிருக்கிறோம்? ஓணானுக்கு ஈர்க்கில் சுருக்குப் போட்டதும், மூக்குப்பொடி போட்டு அது சுற்றுவதை வேடிக்கை பார்த்ததும் நம் தலைமுறைக்கு விளையாட்டு. இராமர் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று அதற்கொரு நியாயமும் வைத்திருந்தோம். அதில் பெரும்பாலும் அறியாமைதான். சொன்னால் விட்டுவிடுவார்கள். தனியாக, திரும்பத் திரும்ப, வலி தெரிந்தே செய்கிற பிள்ளை வேறு. அந்தப் பிள்ளையைப் பார்த்தால் நான் இப்போது முதலில் கேட்பது, உனக்கு யாராவது வலி கொடுக்கிறார்களா என்பதைத்தான். பதில் உடனே வராது. தேவைப்பட்டால் 1098 எண்ணுக்குச் சொல்லத் தயங்குவதில்லை.

தண்டனை கடுமையானால் நம் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 18 வயது நிறையாதவர்கள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். இப்படிப்பட்ட குற்றத்துக்கு இளைஞர் நீதிக் குழுமம் அறிவுரை சொல்லலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். ஆகவே பெரியவர்களுக்குத் தண்டனை கூடட்டும் என்று நான் சொல்லும்போது தம்பிக்குக் கூடட்டும் என்று பொருளல்ல.

கடந்த மூன்றாண்டுகளாக ஒன்பதாம் வகுப்பில் ஒரு செயல்பாடு செய்கிறேன். 11ஆவது பிரிவிலுள்ள செயல்களைத் தமிழில் எளிதாக எழுதி, சீட்டுகளாக வெட்டிக் குழுக்களுக்குக் கொடுப்பேன். தண்டனைப் பகுதியை மட்டும் கொடுக்க மாட்டேன். எது பெரிய குற்றம், எது சின்னது என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் அவர்களே தண்டனை எழுத வேண்டும். முதல் சுற்றில் எல்லாவற்றுக்கும் தூக்குத்தண்டனைதான். நம் பிள்ளைகள் நீதிபதிகளானால் நாட்டில் கயிறு மிஞ்சாது. இரண்டாவது சுற்றில், செய்தது உன் அண்ணன் என்று வைத்துக்கொள் என்பேன். உடனே தண்டனை ஐந்நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். மூன்றாவது சுற்றில்தான் பேச்சே தொடங்கும்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “எங்கப்பா மாட்டு வண்டி ஓட்டுறார், டீச்சர். சில நாள் பாரம் கூடிரும். அதுக்கும் ஐம்பதாயிரமா?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் வீட்டில் இரண்டு மாடுகள். அவற்றுக்குத் தவிடு வைத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். பாரம் ஏற்றச் சொல்கிற முதலாளியின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. அந்தக் குழு நெடுநேரம் பேசி, வேண்டுமென்றே வதைப்பது ஒரு வரிசை, பிழைப்புக்காகவோ தெரியாமலோ செய்வது இன்னொரு வரிசை என்று பிரித்தது. முதல் வரிசைக்குச் சிறை. இரண்டாவது வரிசைக்கு முதல் தடவை எச்சரிக்கை. பாரம் ஏற்றச் சொன்னவருக்குத்தான் அபராதம். 2022 வரைவும் கொடூர வதையைத் தனியாகப் பிரிக்கத்தான் பார்த்தது. ஆனால் பாரம் ஏற்றச் சொன்னவரை எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குத்தான் தோன்றியது. பிறகுதான் சட்டத்தின் தண்டனைப் பகுதியைக் கொடுப்பேன். ஐம்பது ரூபாய் என்று பார்த்ததும் இவர்களும் சிரிக்கிறார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. அவர்கள் எழுதிய சட்டம் கையில் இருக்கிறது அல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சை எடுத்தாலே, நாய்க்கடி ஊசிக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். சரிதான். எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்கும் கடி விழுந்திருக்கிறது. அவளோடு ஊசிக்குப் போனவள் நான். நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சி அமைப்புகளின் வேலை, 2023ஆம் ஆண்டு விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. பள்ளி வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆகவே வளாகத்தில் நாய் இருந்தால் எழுத்துமூலம் உள்ளாட்சிக்குத் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகளைத் தூக்க வேண்டாம், தாய் கடிக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கல்லெறியும் வேலையை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

கிளி வளர்க்கும் வீடுகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் அபராதம் ஐம்பது ரூபாய் இல்லை, ஓர் இலட்சம் வரை போகும், சிறையும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது ஒரு பாட்டி, “கிளி எங்களை விட்டுப் போகாது, டீச்சர்” என்றார். வனத்துறையிடம் கேட்டு ஒப்படைக்கலாம் என்றேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த வராந்தாவுக்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு நாளைக் கடத்தினேன். பிறகு ஒரு நாள் கேட்டேன். நாய்க்குக் கட்டு மாற்ற மருந்தகத்துக்குப் போகும்போது அலுவலக உதவியாளர் அண்ணன் அவனையும் கூட்டிப்போகத் தொடங்கியிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகச் செய்தது. முதல் நாள் அவனைக் கண்டதும் குட்டி சாக்குக்குள் ஒளிந்துகொண்டதாம். “அது என்னைப் பார்த்து ஒண்ணுக்குப் போயிடுச்சு, டீச்சர்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். வேறெதுவும் சொல்லவில்லை. மூன்றாவது, நான்காவது தடவையில் அவன் கையிலிருந்து பிஸ்கட் தின்றது. பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தப் பாதி வால் நாய்க்குச் சோறு வைத்தவன் அவன்தான். அவன் அப்பாவிடம் பேச எனக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்தப் பேச்சு அவ்வளவு நன்றாகப் போகவில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று ஆசிரியப் பயிற்றுநர் சைகை காட்டுகிறார். சீட்டுகளின் படிகளை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனைப் பகுதி தனித் தாளில் இருக்கிறது, அதை முதலில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.